கணினி படித்தவருக்குப் படையில் எந்த வாசல்?

இந்தியத் தரைப்படையில் ‘ஐ.டி. ஆபீசர்’ என்று தனியாக ஒரு பதவி கிடையாது. அந்தப் பெயரிலேயே ஆள் எடுப்பது கடற்படைதான். தரைப்படையில் அந்த வேலை தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸ் கோர் என்ற பிரிவுக்குள் இருக்கிறது. விமானப்படையில் ஏரோநாட்டிகல் இன்ஜினியர் எலெக்ட்ரானிக்ஸ் என்ற கிளைக்குள். யூனிஃபார்ம் போடாமல் அதே உலகத்தில் வேலை செய்ய பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வும் பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸும் இருக்கின்றன. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருடம் படிக்கிற ஒருவருக்கு இந்த நான்கும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால்தான் குழப்பமே வருகிறது. ‘எது பெஸ்ட்?’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. முப்பது வயதில் கையில் கீபோர்டு இருக்க வேண்டுமா, கீழே நூறு பேர் இருக்க வேண்டுமா என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பெரிய வாசல் தரைப்படைதான், அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். இன்ஜினியரிங் முடித்தவர்களுக்கு இதில் இரண்டு வழி. ஒன்று, எஸ்.எஸ்.சி. டெக் எனப்படும் ஷார்ட் சர்வீஸ் கமிஷன், அதாவது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமான அதிகாரிப் பணி. இன்னொன்று, டி.ஜி.சி. எனப்படும் டெக்னிக்கல் கிராஜுவேட் கோர்ஸ். இரண்டுக்கும் எழுத்துத் தேர்வு இல்லை. இன்ஜினியரிங் மார்க்கை வைத்து ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் ஒரு கட்-ஆஃப் போடுவார்கள். அதைத் தாண்டினால் நேரே அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. வாரியத்தின் பல நாள் நேர்முகத்துக்கு அழைப்பு வரும். 20 முதல் 27 வயது, திருமணம் ஆகியிருக்கக் கூடாது. கடைசி வருடம் படிப்பவர்களும் விண்ணப்பிக்கலாம்.

வித்தியாசம் இதற்குப் பிறகுதான். டி.ஜி.சி. என்றால் டேராடூனில் உள்ள ராணுவ அகாடமியான ஐ.எம்.ஏ.வில் பயிற்சி, முதல் நாளிலிருந்தே ஓய்வு வயது வரைக்குமான பர்மனென்ட் கமிஷன். ஆனால் ஆண்களுக்கு மட்டும், அதுவும் சமீப அறிவிப்புகளில் எல்லா இன்ஜினியரிங் பிரிவுகளும் சேர்ந்து 30 இடம்தான். எஸ்.எஸ்.சி. டெக்கில் ஆண்களுக்கு 350ஐ ஒட்டியும் பெண்களுக்கு 30ஐ ஒட்டியும் இடம் வருகிறது. பயிற்சி 49 வாரம். ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகளுக்கான ஓ.டி.ஏ. எனப்படும் பயிற்சி அகாடமி நம் ஊர் பரங்கிமலையில் ஒன்று, பீகாரின் கயாவில் ஒன்று. பரங்கிமலையில் பயிற்சி முடித்துப் போகும்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை டிப்ளமோ ஒன்றும் கையில் வரும். பணிக்காலம் 10 ஆண்டு, விரும்பினால் இன்னும் 4 ஆண்டு நீட்டிக்கலாம். பத்தாவது ஆண்டில் பர்மனென்ட் கமிஷனுக்குக் கேட்கலாம், கிடைத்தே தீரும் என்பதில்லை. பெண்களுக்கு அந்தக் கதவு ஒழுங்காகத் திறந்தது 2020 பிப்ரவரி 17 அன்று, பபிதா புனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால்.

பலருக்குத் தெரியாத ஒன்று: எஸ்.எஸ்.சி. டெக்கில் தேர்வானாலே சிக்னல்ஸ் என்று அர்த்தம் இல்லை. தொழில்நுட்ப வழியில் வருபவர்களை இன்ஜினியர்ஸ், சிக்னல்ஸ், கருவிகளையும் வண்டிகளையும் பராமரிக்கும் இ.எம்.இ. என்ற மூன்று கோர்களுக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். விருப்பத்தைக் கேட்பார்கள், அகாடமியில் உங்கள் தகுதி வரிசையும் அங்கே உள்ள தேவையும்தான் முடிவு செய்யும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர் பாலம் கட்டும் படைப்பிரிவுக்குப் போவதும் நடக்கும். ‘சிக்னல்ஸ் கிடைக்காவிட்டாலும் எனக்கு ராணுவம் போதும்’ என்று சொல்ல முடியாதவர் இந்த வழியில் விண்ணப்பிக்கும் முன் இரண்டு முறை யோசிக்கட்டும்.

சிக்னல்ஸ் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 1911இல் தொடங்கிய கோர் அது. இளம் அதிகாரிகளுக்கான தொழில்நுட்பப் படிப்பு மத்தியப் பிரதேசத்தின் மாவ் நகரில், ராணுவத் தொலைத்தொடர்புக் கல்லூரியான எம்.சி.டி.இ.யில். அது முடிந்ததும் யூனிட். இங்கேதான் சினிமா பார்த்து வளர்த்துக்கொண்ட ‘சைபர் போர்’ கற்பனை உடைகிறது.

ஒரு பிரிகேடோடு இருக்கும் சிக்னல் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த லெப்டினன்ட்டின் நாள் எப்படிப் போகும்? விடிகாலையில் ஜவான்களோடு பி.டி. அதற்குள் ஒரு போஸ்ட்டுக்குப் போகும் ஃபைபர் அறுந்திருக்கும்; சாலை போடும் ஜே.சி.பி. இழுத்துவிட்டிருக்கும். கேபிளைச் சரிசெய்யும் லைன் பார்ட்டி போய்ச் சேரும் முன் மாற்று வழியில் ரேடியோ லிங்க்கை எழுப்பியாக வேண்டும். ஜென்செட்டுக்கு டீசல் கணக்கு பார்க்க வேண்டும். நாயக் பதவியில் உள்ள ஒரு ஜவான் ஊரில் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று லீவு கேட்டு நிற்பார். இருக்கிற ஆபரேட்டர்களில் ஒருவரை அனுப்பினால் இரவு ஷிஃப்டுக்கு யார் என்று பார்க்க வேண்டும். மதியம் எங்கேயோ நடந்த வண்டி விபத்துக்கு கோர்ட் ஆஃப் என்கொயரி எனப்படும் உள்விசாரணையில் உறுப்பினராக உட்கார வேண்டும். மாலையில் ரூட்டர் கான்ஃபிகரேஷனைத் திறக்க நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதையும் உங்களைவிட நன்றாகச் செய்கிற ஒரு ஹவில்தார் அங்கே இருப்பார்.

அவருக்கு மேலே ஒரு சுபேதார். இருபத்தைந்து வருட சர்வீஸ் போட்டவர், உங்கள் அப்பா வயது. அவர் உங்களை ‘சார்’ என்பார், நீங்கள் அவரை ‘சாப்’ என்பீர்கள். இருவருமே மனதாரச் சொல்கிற மாதிரி நடந்துகொள்ள முடிந்தால் நீங்கள் அதிகாரி. இந்தி வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். எஸ்.எஸ்.பி. ஆங்கிலத்தில் முடிந்துவிடும். யூனிட்டில் ஜவானின் வீட்டுக் கஷ்டத்தை ஆங்கிலத்தில் கேட்க முடியாது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஒரு வருடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள், அதனால் இது தடை இல்லை. தெரிந்தே போக வேண்டிய விஷயம், அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் ‘அப்போ டெக்னிக்கல் வேலையே இல்லையா?’ என்று முகம் வாடும். இருக்கிறது. 2020இல் வெளிவந்த சாய் என்ற பாதுகாப்பான மெசேஜிங் செயலியை உருவாக்கியது ஒரு கர்னல். 2021 டிசம்பரில் வந்த அசிக்மா என்ற ராணுவ மெசேஜிங் செயலியை முழுக்கச் செய்தது சிக்னல்ஸ் அதிகாரிகளின் குழு. 2022 செப்டம்பரில் சியாச்சினில் 19,061 அடி உயரத்தில் செயற்கைக்கோள் இணையத்தை எழுப்பியவர்களும் இவர்கள்தான். 2023இல் ஒவ்வொரு கமாண்டுக்கும் சைபர் ஆபரேஷன்ஸ் விங் அமைக்கப்போவதாக ராணுவம் அறிவித்தது. 2024இல் புதிய தொலைத்தொடர்பு நுட்பங்களைச் சோதித்துப் பார்க்கவே ஸ்டீக் என்று ஒரு யூனிட்டைத் தொடங்கினார்கள். முப்படைக்கும் பொதுவாக டெல்லியில் டிஃபென்ஸ் சைபர் ஏஜென்சி இருக்கிறது. ஆக வேலை இருக்கிறது, ஆண்டுக்கு ஆண்டு கூடவும் செய்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேர சில வருடங்கள் ஆகும், அங்கேயே இருக்கவும் விடமாட்டார்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போஸ்டிங் மாறும். மால்வேர் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் அடுத்த ஜூனில் அருணாச்சலத்தில் ஒரு கம்பெனிக்குப் பொறுப்பாக நிற்பார். பதவி உயர்வுக்கு அந்த ஃபீல்டு அனுபவம்தான் கணக்கு.

கடற்படைக்கு வருவோம். எஸ்.எஸ்.சி. எக்ஸிக்யூட்டிவ் இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி என்று அறிவிப்பு வரும். கண்ணூர் அருகே எழிமலையில் உள்ள கடற்படை அகாடமியில் சிறப்பு ஓரியன்டேஷன் கோர்ஸோடு தொடங்குகிறது. இதற்கும் எழுத்துத் தேர்வு இல்லை. மார்க்கை வைத்து எஸ்.எஸ்.பி.க்கு அழைக்கிறார்கள். மென்பொருள், நெட்வொர்க், சைபர் பாதுகாப்பு என்று படித்த படிப்புக்கு மிக அருகில் இருக்கும் வேலை. நான்கு வாசல்களில் கணினியை விடாமல் யூனிஃபார்ம் போட வேண்டும் என்பவருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. பி.இ. இல்லாதவர்களுக்கும் இங்கே இடம் இருக்கிறது. பி.சி.ஏ. அல்லது பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு எம்.சி.ஏ. படித்தவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். கலை அறிவியல் கல்லூரியில் படித்த எத்தனையோ பிள்ளைகள் ‘நமக்கெல்லாம் டெக்னிக்கல் என்ட்ரி கிடையாது’ என்று நினைத்துக்கொண்டே வயதைத் தாண்டிவிடுகிறார்கள். ஒரு சின்ன முள் மட்டும் உண்டு: பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ ஆங்கிலப் பாடத்தில் 60 சதவீதம் வேண்டும். இப்போதே மார்க் ஷீட்டை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

குறை என்ன? இடங்கள் மிகக் குறைவு. எல்லாப் பிரிவும் சேர்ந்த தரைப்படையின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொரு அரையாண்டும் அறிவிப்பு வரும் என்றும் நம்ப முடியாது. இதுவும் ஷார்ட் சர்வீஸ்தான், மொத்தத்தில் 14 ஆண்டைத் தாண்டாது. இதை மட்டும் நம்பி ஒரு வருடம் வீட்டில் உட்காருவது புத்திசாலித்தனம் இல்லை.

கடற்படையின் தகவல் தொடர்பு எங்கேயோ மும்பையிலும் விசாகப்பட்டினத்திலும்தான் நடக்கிறது என்று நினைப்பவர்களுக்கு இடையில் ஒரு தகவல். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் மிகத் தாழ் அலைவரிசை நிலையம். 1990இலிருந்து இயங்குகிறது.

விமானப்படை கதை வேறு. இங்கே ஏஎஃப்கேட் என்ற எழுத்துத் தேர்வு, ஆண்டுக்கு இரண்டு முறை. இது பலருக்குச் சுமையாகத் தெரியும். என் கண்ணுக்கு இதுதான் இதன் பெரிய வசதி. தரைப்படையிலும் கடற்படையிலும் கல்லூரி மார்க் கட்-ஆஃபைத் தொடாவிட்டால் உங்களை யாரும் பார்க்கக்கூட மாட்டார்கள். முதல் இரண்டு வருடம் அரியர் வைத்து, பிறகு சுதாரித்து 65 சதவீதத்தில் முடித்தவருக்கு அந்த இரண்டு கதவும் ஏறக்குறைய மூடிய மாதிரிதான். ஏஎஃப்கேட்டில் 60 சதவீதத்தோடு தகுதி முடிந்தது, மீதி அந்தத் தேர்வில் என்ன செய்கிறீர்கள் என்பதுதான். ப்ளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். வயது வரம்பு 26, தரைப்படையைவிட ஒரு வருடம் குறைவு என்பதைக் கவனியுங்கள்.

பயிற்சி ஐதராபாத் அருகே துண்டிகலிலும் பெங்களூரு ஜாலஹள்ளியிலும். வேலை என்று பார்த்தால் ‘ஐ.டி.’ என்பதைவிட ‘சிஸ்டம்’ என்ற சொல் பொருந்தும். ரேடார், ஏவியானிக்ஸ் எனப்படும் விமான மின்னணுவியல், ஏவுகணை ஸ்குவாட்ரன், தகவல் தொடர்பு என்று எங்கே வேண்டுமானாலும் போடுவார்கள். 2010இல் தொடங்கிய ஏஎஃப்நெட் என்ற ஃபைபர் வலையமைப்பும், அதன் மேல் ஓடும் ஐ.ஏ.சி.சி.எஸ். என்ற வான் பாதுகாப்புக் கட்டளை அமைப்பும்தான் கணினி படித்தவர் ஆசைப்படும் இடங்கள். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூரின்போது ட்ரோன்களையும் ஏவுகணைகளையும் எதிர்கொண்ட நேரத்தில் இந்த அமைப்பும் தரைப்படையின் வான் பாதுகாப்பு அமைப்பான ஆகாஷ்தீரும் சேர்ந்து வேலை செய்ததை எல்லோரும் செய்தியில் பார்த்திருப்பார்கள். விமானதளங்களில் குடும்பத்தோடு இருக்கும் வாய்ப்பு தரைப்படையைவிட அதிகம். அதற்காக இதைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு, அதில் தப்பில்லை.

அந்த ஆகாஷ்தீரைச் செய்தது யார் என்று கேட்டால் நான்காவது வாசலுக்கு வந்துவிடுகிறோம்: பாரத் எலெக்ட்ரானிக்ஸ். பரங்கிமலை அகாடமியிலிருந்து கூப்பிடு தூரத்தில், நந்தம்பாக்கத்திலேயே அதன் ஆலை ஒன்று இருக்கிறது. கோட் எழுதுவதுதான் உங்கள் ஆசை என்றால், அதுவும் நாட்டுக்காக எழுத வேண்டும் என்றால், யூனிஃபார்ம் இல்லாத இந்தப் பக்கத்தைத்தான் முதலில் பாருங்கள் என்பேன். டி.ஆர்.டி.ஓ.வின் கேர் ஆய்வகம் 1986இலிருந்து பெங்களூரில் செயற்கை நுண்ணறிவும் பாதுகாப்பான தகவல் தொடர்பும் செய்கிறது. டெல்லியில் இருக்கும் எஸ்.ஏ.ஜி. சங்கேதக் குறியீட்டுக்கென்றே உள்ள ஆய்வகம். விஞ்ஞானி ‘பி’யாகச் சேர கேட் என்ற இன்ஜினியரிங் தேர்வின் மதிப்பெண்ணும் நேர்முகமும் வேண்டும். கேட் கடினம், அந்த மதிப்பெண் வைத்திருப்பவருக்குத் தனியாரிலும் மேற்படிப்பிலும் கதவு திறக்கும் என்பதால் போட்டி வேறு ரகம். ஆனால் ஓட வேண்டாம், கயிறு ஏற வேண்டாம், பொது வயது வரம்பும் 35 வரை. ‘நாட்டுக்காக’ என்பதும் ‘ராணுவ வாழ்க்கை’ என்பதும் வேறு வேறு ஆசைகள். எனக்குத் தெரிந்து எஸ்.எஸ்.பி.யில் திரும்பத் திரும்பத் தோற்கும் நல்ல மாணவர்களில் பலர் முதல் ஆசையை இரண்டாவது என்று எண்ணிக்கொண்டவர்கள்.

பணத்தைப் பேசிவிடுவோம், வீட்டில் முதலில் கேட்பது அதைத்தான். லெப்டினன்ட்டுக்கு அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். அதோடு ராணுவப் பணிக்கான எம்.எஸ்.பி. 15,500. இரண்டின் மீதும் பஞ்சப்படி சேரும்போது மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். ஃபீல்டில் இருந்தால் அதற்கான படிகள் தனி. அகாடமியில் இருக்கும்போதே 56,100 உதவித்தொகை. ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்கு கேம்பஸில் எடுக்கும் ஐ.டி. கம்பெனியோடு ஒப்பிட்டால் பேச்சே இல்லை. டி.ஆர்.டி.ஓ. விஞ்ஞானிக்கும் அதே 56,100தான், எம்.எஸ்.பி. கிடையாது. இரண்டு வருடத்தில் கேப்டன், ஆறில் மேஜர், பதின்மூன்றில் லெப்டினன்ட் கர்னல். லெப்டினன்ட் கர்னலின் அடிப்படை 1,21,200இல் தொடங்குகிறது.

ஆனால் பத்தாவது வருடம் தனியாருக்குப் போனவரையும் உங்களையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். அங்கே நல்ல செக்யூரிட்டி இன்ஜினியராக வளர்ந்தவர் உங்களைத் தாண்டியிருப்பார். ஷார்ட் சர்வீஸில் வெளியே வருபவருக்குப் பென்ஷன் இல்லை; அதிகாரிகளுக்கு அதற்கு 20 ஆண்டு சர்வீஸ் வேண்டும். கிராஜுவிட்டி வரும், ஐ.ஐ.எம்.களில் ராணுவ அதிகாரிகளுக்கென்றே நடக்கும் மேலாண்மைப் படிப்பில் சேரலாம், சிவில் சர்வீஸ் தேர்வில் ஐந்து வருட வயதுத் தளர்வு உண்டு. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதில் ஒரு குழந்தையோடு மறுபடி நேர்முகத்துக்குப் போய் உட்கார வேண்டும் என்பதை இன்றே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. பெண் பார்க்கும் நேரத்தில் ‘பத்து வருஷம்தானாமே?’ என்று யாராவது கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

அந்த வயதில் சந்தையில் என்ன விலை போவீர்கள் என்பது படையில் என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. நூறு பேரை நடத்தி, நெருக்கடியில் நெட்வொர்க்கை நிற்க வைத்தவருக்கு ஆபரேஷன்ஸ், டேட்டா சென்டர், பாதுகாப்பு மேலாண்மைப் பக்கம் மரியாதை இருக்கிறது. டெவலப்பராகத் திரும்ப நினைத்தால் கஷ்டம். சர்வீஸில் செய்த பல வேலைகளை ரெஸ்யூமேயில் எழுதவே முடியாது, கிட்ஹப்பில் காட்ட ஒரு வரியும் இருக்காது. 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கச் சொல்லி ராணுவம் உத்தரவு போட்டது. தொழில்நுட்ப உலகத்தில் ‘தெரிந்த முகமாக’ இருப்பதில்தான் உங்களுக்குப் பிடிப்பு என்றால் அந்த வாழ்க்கை மூச்சு முட்டும்.

ஆக என் கணக்கு இது. ஆள் நடத்தப் பிடிக்கும், இடம் மாறப் பிடிக்கும், கணினி இரண்டாவதாக இருந்தாலும் சரி என்பவர் ஆணாக இருந்தால் டி.ஜி.சி.க்கும் எஸ்.எஸ்.சி. டெக்குக்கும் சேர்த்தே போடட்டும், டி.ஜி.சி. கிடைத்தால் யோசிக்காமல் சேரட்டும். பெண்ணாக இருந்தால் எஸ்.எஸ்.சி. டெக்கோடு ஏஎஃப்கேட்டையும் கட்டாயம் எழுத வேண்டும்; 30 இடத்தை மட்டும் நம்பக் கூடாது. எம்.சி.ஏ. படித்தவருக்குக் கடற்படை. மார்க் குறைந்தவருக்கு விமானப்படை. கோட்தான் உயிர் என்பவருக்கு கேட் புத்தகம். மாப்பிள்ளைக்கு மரியாதை என்றோ கேன்டீன் வசதி என்றோ யாராவது காரணம் சொன்னால் அவரை எஸ்.எஸ்.பி. ஐந்தாம் நாள் வரைகூட விடாது, நாம் கவலைப்பட வேண்டியதில்லை.

எஸ்.எஸ்.பி.யைப் பற்றி ஒன்று மட்டும். அங்கே உங்கள் பைத்தானை யாரும் சோதிப்பதில்லை. முதல் நாள் ஒரு மங்கலான படத்தை முப்பது நொடி காட்டி, கதை எழுதச் சொல்லி, குழுவாகப் பேச விடுவார்கள். பெரும்பாலானவர்களை அன்று மாலையே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். தமிழ்நாட்டு மாணவர்கள் அதிகம் தடுக்குவது இங்கேதான். ஆங்கிலம் தெரியாததால் என்று நான் நினைக்கவில்லை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது குறுக்கே புகுந்து பேசுவது மரியாதைக் குறைவு என்று பழகியிருக்கிறோம். சத்தம் போட வேண்டாம். இரண்டு முறை தெளிவாகப் பேசி, பேச முடியாமல் தவிக்கும் ஒருவரை உள்ளே இழுத்துவிட்டால் போதும். தோற்றால் மறுபடி போகலாம், இத்தனை முறைதான் என்ற வரம்பு இல்லை.

தேதிகள்: எஸ்.எஸ்.சி. டெக் பயிற்சி ஏப்ரலிலும் அக்டோபரிலும், டி.ஜி.சி. ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். அறிவிப்பு பல மாதம் முன்பே வந்துவிடும், எனவே மூன்றாம் வருட முடிவிலிருந்தே மூன்று படைகளின் இணையதளங்களையும் பார்த்துக்கொண்டிருங்கள். கேட் தேர்வும் ஏஎஃப்கேட்டின் முதல் சுற்றும் பிப்ரவரியை ஒட்டி வருவதால் இரண்டுக்கும் சேர்த்தே படிக்கலாம், கணிதம் ஓரளவு பொதுதான். விண்ணப்பிக்கும் முன் ஒரு கண் மருத்துவரிடம் போய் நிறப்பார்வையையும் பவரையும் பார்த்து வாருங்கள். கையில் பெரிதாக டாட்டூ குத்தும் யோசனை இருந்தால் தள்ளிப்போடுங்கள்.